முத்துலட்சுமி அம்மையார்

சென்னை மாநகரின் தென்பகுதியில், அடையாறு கடலொடு கலக்கும் கழிமுகத்திற்குத் தெற்கே, ஊரூர்க் குப்பம், ஒல்காட் குப்பம் என்னும் மீனவர் ஊர்கள் இரண்டு அடுத்தடுத்து அமைந்துள்ளன. இரண்டையும் இணைத்து ஊரூர் ஒல்காட் குப்பம் என்று வழங்குதல் மரபு. பிரம்மஞான சபையின் தலைமையகத்தை 1882 ஆம் ஆண்டில் அடையாற்றில் நிலைபெறச் செய்த கர்னல் ஒல்காட் என்னும் அமெரிக்கரின் பெயரே பின்னதற்கு அமைந்தது. கதிரவன் எழுமுன் ஆடவர் கடலுள் செல்வதும், அவர் கொணரும் மீனைப் பெண்டிர் கூடையில் ஏந்தி விற்பதும் இங்கு வழிவழி வந்த தொழில். இத்தகைய உழைப்பாளர்க்கு உடலே முதல். பொருள் ஈட்டி வைத்தவர் நோயுற்றால் சின்னாள் இருந்து உண்ணலாம். அன்றாடம் உழைத்து உண்பவர் வீட்டிலோ, ஒருவர் பாயில் வீழ்ந்த அன்றே அடுப்பு அணைந்துவிடும். வீழ்ந்தவர் தாயாயின் அவ்வீட்டின் துயரைச் சொல்லவும் வேண்டுமோ?

இக்கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கி நடப்பவர் பெசன்ட் சாலையில் அவ்வை இல்லத்தைக் காண்பர். ஆதரவற்ற பெண்மக்கள் தங்கிப் பயிலும் இடம் அது. இன்னும் மேற்கே சென்றால், காந்தி நகரில், பக்கிங்காம் கால்வாயின் கரையருகே புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளர் அதனை நாடி வருகின்றனர். ஒன்று பிள்ளைகளின் இல்லம், மற்றொன்று பிணியாளர் இல்லம். இரண்டையும் தோற்றுவித்தவர் ஒருவரே. அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30 ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். அக்காலத்தில் புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர் ஆட்சிக்கு உட்பட்ட தனி நாடாக இருந்தது. தந்தையார் நாராயணசாமி ஐயர் அந்நகரத்து மகாராசர் கல்லூரியின் தலைவராய் விளங்கியவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தில் தோன்றியவர். குலம் கடந்து செய்துகொண்ட இம்மணத்தை ஐயரின் சுற்றத்தார் ஏற்றிலர். தாயின் குலத்திலோ, பெண்மக்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் வேரூன்றி நின்றது. அவ்வழக்கத்தால் அப்பெண்கள் எய்திய இழிவைச் சிறுமியாய் இருந்தபோதே முத்துலட்சுமி அறிந்திருந்தார். பின்னாளில் சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய பணிக்கு வித்து இவ்வீட்டிலேயே விழுந்தது எனலாம்.

பெண் பிள்ளைகட்குப் பால்கணக்கும் சலவைக் கணக்கும் எழுதத் தெரிந்தால் போதும் என்று பெரியோர் பலரும் கருதிய காலம் அது. தந்தையார் அவ்வாறு கருதினாரல்லர். பருவம் எய்தியதும் பள்ளி செல்லுதல் தடைப்பட்டது. ஆயினும் படிப்பு நின்றிலது. தந்தையார் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். பிற ஆசிரியர்களைக் கொண்டும் கற்பித்தார். முத்துலட்சுமி மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். அதன்பின் எழுந்த வினாவே பெரிது. புதுக்கோட்டையில் இருந்த கல்லூரி ஒன்றே; அஃது ஆடவர்க்கு உரியது. ஒரு பெண்ணை அதனுள் விட்டால் மாணவர் ஒழுக்கம் சிதையும் என்றும், தம் பிள்ளைகளைக் கல்லூரியினின்று நிறுத்திவிட நேரும் என்றும் ஊரார் சிலர் எதிர்த்தனர். பெண்ணின் குலத்தைச் சுட்டிப் பழித்தாரும் உளர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இவ்வெதிர்ப்புக்குச் செவி சாய்க்கவில்லை. 1904 ஆம் ஆண்டில் முத்துலட்சுமியைக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ள அவர் இசைவளித்தார். மூடு வண்டியில் வந்து, திரைமறைவில் அமர்ந்து, முத்துலட்சுமி பாடம் கேட்டார். திரைக்கு அப்பால் இருந்தோரைக் காட்டிலும் நன்றாகவே கற்றார்.

1907 ஆம் ஆண்டில் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியில் பயின்ற முதற்பெண் அம்மையாரே என்று சிலர் எழுதுவதுண்டு. அது பொருந்தாது. 1875 ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் முதலிய பெண்கள் நால்வரை அக்கல்லூரி ஏற்றுக்கொண்டது. பெண்களுக்குக் கதவு திறக்கப் பல நாடுகள் தயங்கிய நாளில் சென்னை செய்த நற்செயல் அது. அம்மையாரின் பெருமைக்கு இல்லாத சிறப்பை ஏற்ற வேண்டுவதில்லை. எதிர்ப்பு நிறைந்த சூழலினின்று தமிழ்ப்பெண் ஒருத்தி புறப்பட்டு வந்து, ஐந்தாண்டுகள் அயராது பயின்று, பரிசுகளும் பதக்கங்களும் பெற்று, 1912 ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் அடைந்தார் என்பதே போதிய பெருமையன்றோ? பட்டம் பெற்றபின் எழும்பூரில் உள்ள மகளிர் மருத்துவமனையில் உள்ளிருப்பு மருத்துவராய் அமர்ந்தார். அப்பதவியை வகித்த முதற்பெண் அவரே.

அந்நாளைய மகப்பேற்றின் நிலையை இக்கால இளைஞர் அறிதல் நலம். பிள்ளை பெறுவதைத் தூய்மையற்ற நிகழ்ச்சியாகக் கருதி, காற்றும் ஒளியும் புகாத மூலையறையில் தாயை ஒதுக்கினர். பழந்துணியே விரிப்பு, கழுவாத கையும் கொதிக்க வைக்காத கத்தியுமே கருவிகள். இவற்றால் நச்சுக்கிருமி புகுந்து, பிறந்த குழவி இசிவு கண்டு இறந்தது. தாய் சூதகக் காய்ச்சல் கண்டு மாண்டாள். சென்னை நகரில் பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஓராண்டு நிறையுமுன் மறைந்த காலம் அது. இதனை ஊழ் என்று உலகம் சொல்லிற்று. கையைச் சோப்பிட்டுக் கழுவுவதாலும், கத்தியைக் கொதிநீரில் இடுவதாலும் இவ்வூழின் பெரும்பகுதியை மாற்றலாம் என்பதை மருத்துவம் கற்றவர் அறிவர். ஆயினும் ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட நாணி, நோயை மறைத்து வைத்தே உயிர் விட்ட பெண்கள் பலர். அவர்கள் நம்பி நாடுதற்குரிய பெண் மருத்துவராய் முத்துலட்சுமி சென்னையில் தொழில் தொடங்கினார்.

1914 ஆம் ஆண்டில் அவர் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றல் கூடாது என்று மணத்திற்கு முன்னரே அம்மையார் கேட்டுக்கொண்டதாகவும், அவரும் அதற்கு உடன்பட்டதாகவும் கூறுவர். அவ்வுடன்பாடு சொல்லளவில் நின்றுவிடவில்லை என்பதை அவர்தம் பின்னைய வாழ்க்கை காட்டும். இராமமோகன், கிருஷ்ணமூர்த்தி என மக்கள் இருவர் பிறந்தனர். வீடு, மக்கள், மருத்துவத் தொழில் என்னும் மூன்றையும் ஒருங்கே தாங்கிய அம்மையாருக்கு, உழைக்கும் தாய்மாரின் களைப்பைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியிருந்ததில்லை.

இவ்வாறு அமைதியாய்ச் சென்றுகொண்டிருந்த வாழ்வில் ஓர் இடி விழுந்தது. அம்மையாரின் தங்கை சுந்தரம்பாள் இளவயதிலேயே நோய்வாய்ப்பட்டார். குருதியும் சீதமும் கழிந்தன. மருத்துவர்கள் அதனைச் சீதபேதி என்று எண்ணி, அதற்குரிய மருந்தையே கொடுத்து வந்தனர். நாள்கள் சென்றன, நோய் தணியவில்லை. உண்மை புலப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. அது சீதபேதியன்று, மலக்குடலில் தோன்றிய புற்றுநோய். இரு நோய்க்கும் வெளிக்குறி ஏறத்தாழ ஒன்றாய் இருத்தலே இவ்வேமாற்றத்திற்குக் காரணம். சீதபேதி மருந்துக்கு அடங்கும். புற்றோ அடங்காது வளரும். விரலால் தொட்டு ஆராய்ந்தாலே பல வேளைகளில் அறியக்கூடிய கட்டி அது. ஆயினும் இளையோர்க்கு இந்நோய் வாராது என்னும் நினைவு ஆராயும் எண்ணத்தையே தடுத்துவிடுகின்றது. 1923 ஆம் ஆண்டில் சுந்தரம்பாள் உயிர் நீத்தார்.

அக்காள் மருத்துவர், அத்தான் மருத்துவர், சென்னை போன்ற பெருநகரம். இவை எல்லாம் இருந்தும் காப்பாற்ற இயலவில்லை. அங்ஙனமாயின், மருத்துவர் வாசலையே மிதித்தறியாத ஏழைப்பெண்ணின் நிலை யாது? இவ்வினா அம்மையாரின் நெஞ்சைவிட்டு அகலவில்லை. துயரம் வந்தபோது அழுது ஆறுதல் உலகத்து இயல்பு. அம்மையாரும் அழுதிருப்பார். ஆனால் முப்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின்னரும் அத்துயரை மறவாது, அதனைக் கட்டடமாகவும் கருவியாகவும் மாற்றினார் என்பதுதான் அரிய செய்தி. அக்கதையைப் பின்னர்க் காண்போம்.

1925 ஆம் ஆண்டில் அம்மையார் மேற்பயிற்சிக்காக இலண்டன் சென்றார். மகளிர் நோய், குழந்தை நோய் ஆகியவற்றில் பயிற்சி பெற்றார். புற்றுநோய் மருத்துவத்தைப் பற்றியும் அங்குக் கற்றறிந்தார். 1926 இல் பாரிஸ் நகரில் நடைபெற்ற உலக மகளிர் மாநாட்டிலும் கலந்துகொண்டார். தாயகம் திரும்பிய சிறிது காலத்தில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராக அவரை அமர்த்தினர். அடையாற்றில் 1917 ஆம் ஆண்டு தோன்றிய இந்திய மாதர் சங்கம் இந்நியமனத்திற்குப் பெரிதும் துணை நின்றது. நோயாளரை விட்டுப் பிரிய நேருமே என்று அம்மையார் முதலில் தயங்கினார். பின்னர் ஒப்பினார். 1927 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக அவரைச் சட்டமன்றத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றம் ஒன்றில் அமர்ந்த முதற்பெண் அவரே.

மருத்துவர் ஒருவர் சட்டமன்றம் புகுந்தால் நாட்டையே ஒரு நோயாளியாகக் காண்பார் போலும்! அம்மையார் அங்குப் பேசியவற்றுள் பெரும்பகுதி உடல்நலம் பற்றியதே. குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். பெண்கள் பள்ளியில் கட்டணச் சலுகை வேண்டும் என்றார். பள்ளிப் பிள்ளைகளின் உடலை மருத்துவர் காலமுறைப்படி ஆராய வேண்டும் என்று வலியுறுத்தினார். இன்று பள்ளிக்கு மருத்துவர் வருதல் இயல்பான நிகழ்ச்சி. அன்று அது புதுமை. கரும்பலகையில் எழுதியது தெரியாத பிள்ளையை ஆசிரியர் மந்தபுத்தி என்று வைவார். குறை கண்ணில் இருக்கும். காது கேளாத பிள்ளையை அடங்காதவன் என்பார். செவியில் சீழ் வடிந்துகொண்டிருக்கும். வயிற்றில் கொக்கிப்புழு இருந்து குருதியை உறிஞ்சுவதால் சோர்ந்து கிடப்பவனைச் சோம்பேறி என்று தள்ளுவார். கண்ணாடி ஒன்று, புழுமருந்து ஒருவேளை, இவை கிடைத்தால் அப்பிள்ளை வேறு பிள்ளையாகிவிடுவான். இச்சிறு செலவை அரசு ஏற்க வேண்டும் என்பதே அம்மையாரின் வழக்கு.

குழந்தை மணத்தையும் அவர் மருத்துவர் கண்கொண்டே எதிர்த்தார். எலும்பு முதிராத சிறுமி தாயாகும்போது தாய்க்கும் சேய்க்கும் நேரும் கேட்டை அவர் மகப்பேற்று அறையில் நேரிற் கண்டவர். ஆதலின் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என மணவயதை வரையறுத்த சாரதா சட்டத்திற்கு அவர் முழு ஆதரவு தந்தார். 1929 இல் அச்சட்டம் நிறைவேறிற்று. இவ்வெல்லைகள் பின்னர் மேலும் உயர்ந்தன.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று 1927 ஆம் ஆண்டில் அம்மையார் கொணர்ந்த தீர்மானம் நாடெங்கும் பேச்சை எழுப்பிற்று. சமயத்தின் பெயரால் எதிர்த்தவர் உளர். தம் கலையும் வாழ்வுரிமையும் பறிபோகும் என்று அஞ்சி அக்குலப் பெண்களுள் சிலரும் எதிர்த்தனர். அவர்தம் அச்சம் முற்றும் பொருளற்றது என்று சொல்லுதற்கில்லை. ஆயினும், அறியாப் பருவத்துச் சிறுமியின் வாழ்வைப் பிறர் முடிவு செய்துவிடும் கொடுமையை அம்மையார் பொறுத்திலர். 1929 ஆம் ஆண்டில் கோயில் நிலமானியங்கள் பற்றிய சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. பொட்டுக்கட்டுதலை முற்றும் தடுக்கும் சட்டம் 1947 ஆம் ஆண்டில் வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் அவர் எழுதியும் பேசியும் வந்தார்.

1930 ஆம் ஆண்டில் உப்பு அறப்போரில் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அம்மையார் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே அவர் வீட்டு வாயிலில் சிறுமியர் மூவர் வந்து நின்றனர். பொட்டுக்கட்டும் வாழ்வை வேண்டாது தப்பி வந்தவர்கள் அவர்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு மாணவியர் விடுதிகளை அம்மையார் வேண்டினார். குலத்தைக் கேட்ட விடுதியினர் இடமில்லை என்றனர். சட்டம் செய்தால் மட்டும் போதாது, அச்சட்டத்தை நம்பி வெளிவந்தவர்க்குச் சோறும் கூரையும் வேண்டும் என்பதை அன்று அவர் கண்டார். தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். இவ்வாறு தோன்றியதே அவ்வை இல்லம். தமிழ்ப் புலமைக்கும் தனி வாழ்வின் மாண்புக்கும் எடுத்துக்காட்டாய் விளங்கிய அவ்வையாரின் பெயரைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமே. மயிலாப்பூர்ப் பகுதியில் தொடங்கிய இல்லம் 1936 ஆம் ஆண்டில் அடையாற்றிற்கு வந்தது. அந்நாளில் அடையாறு தோப்பும் வயலுமாய் இருந்த ஊர்ப்புறம். கடற்காற்றும் திறந்த வெளியும் பிள்ளைகளின் உடலுக்கு நன்மை தந்தன. குலம் வினவாது சேர்த்துக்கொள்ளுதல் அவ்வில்லத்தின் முதல் விதி. அங்கு வளர்ந்த பெண்கள் ஆசிரியராகவும் செவிலியராகவும் வெளிவந்தனர்.

இனித் தங்கையின் நினைவால் எழுந்த மருத்துவமனையின் கதைக்கு வருவோம். 1935 ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாக் கொண்டாடியது. அவ்விழாவில் அம்மையார், புற்றுநோய்க்கெனச் சென்னையில் தனி மருத்துவமனை ஒன்று வேண்டும் என்னும் தம் கருத்தை வெளியிட்டார். கேட்டவர் வியந்தனரேயன்றி முன்வந்தாரல்லர். புற்று என்னும் சொல்லையே வாயால் சொல்ல மக்கள் அஞ்சினர். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று கருதி, நோயாளியைத் தனிக் குடிலில் வைத்துத் தனிக் கலத்தில் உணவிட்ட வீடுகள் உண்டு. முன்வினைப் பயன் என்று சொல்லி வாளாவிருந்தோரும் உண்டு. கற்றறிந்தவர் நிலையும் இதனின் பெரிதும் வேறுபட்டதன்று. வந்தவர் மாள்வதே உறுதியாயின், மருந்துக்கும் மனைக்கும் ஏன் பொருளைச் செலவிட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். மலேரியாவும் காசநோயும் பல்லாயிரவரைக் கொன்றுகொண்டிருக்கும்போது இந்நோய்க்கு முதன்மை எதற்கு என்று வினவினோரும் இருந்தனர். அவ்வினாவில் ஓரளவு நியாயமும் இருந்தது.

அம்மையாரின் விடை தெளிவானது. வந்தவர் மாள்கின்றனர் என்பது உண்மை. ஏன் மாள்கின்றனர்? முற்றிய பின் வருகின்றனர். ஏன் முற்றிய பின் வருகின்றனர்? முற்றுமுன் சென்று காட்டுதற்கு இடமும் இல்லை, காட்ட வேண்டும் என்னும் அறிவும் பரவவில்லை. மும்பையில் 1941 ஆம் ஆண்டு டாட்டா நினைவு மருத்துவமனை தோன்றிற்று. தென்னாட்டில் இந்நோய்க்கெனவே அமைந்த மருத்துவமனை அப்போது இல்லை. உலகப்போர் வந்து எல்லா முயற்சிகளையும் தள்ளிப் போட்டது. அம்மையார் காத்திருந்தார். அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும் மருத்துவராகி, வெளிநாடு சென்று புற்றுநோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பினார்.

1949 ஆம் ஆண்டில் இந்திய மாதர் சங்கம் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கியது. அப்போது அம்மையார்க்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. ஓய்ந்திருக்க வேண்டிய வயதில், நிதி கேட்டு வீடு வீடாகவும் கடை கடையாகவும் ஏறி இறங்கினார். பெருஞ்செல்வர் நூறும் ஆயிரமும் தந்தனர். பள்ளிப் பிள்ளைகள் காசு காசாகச் சேர்த்துத் தந்தனர். 1952 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10 ஆம் நாள் பிரதமர் ஜவாகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஆம் ஆண்டு ஜூன் 18 ஆம் நாள் மருத்துவமனை பணியைத் தொடங்கிற்று.

மருத்துவமனை என்றவுடன் மாடக்கட்டடம் நினைவிற்கு வருதல் இயல்பு. அடையாற்றில் எழுந்ததோ 12 படுக்கைகள் கொண்ட குடில். மருத்துவர் இருவர், செவிலியரும் ஒரு சிலரே. கிருஷ்ணமூர்த்தியோடு அங்குத் தொண்டு புரிய வந்தவர் டாக்டர் சாந்தா என்னும் இளநங்கை. அரசு மருத்துவமனையில் நிலையான பதவி கிடைக்கக்கூடிய நேரத்தில், அதனை விடுத்து, மருத்துவமனை வளாகத்திலேயே ஓர் அறையில் தங்கி, அங்கேயே தம் வாழ்நாளைக் கழித்தார் அவர். மருத்துவரே எழுத்தராகவும், கணக்கராகவும், வேண்டுங்கால் நோயாளியைத் தூக்குவோராகவும் அங்கு உழைத்தனர்.

சில ஆண்டுகளில் கோபால்ட்டுக் கதிர்க் கருவி அங்கு வந்தது. அதன் இயல்பு அறியத்தக்கது. கோபால்ட்டு 60 என்னும் பொருள் இடையறாது காமாக் கதிர்களை உமிழ்வது. இக்கதிர்கள் தோலைக் கடந்து உடலின் ஆழத்திற் செல்வன. உடம்பின் அணுவறைகள் ஒரு வரம்பிற்குட்பட்டே பெருகுவன. அவ்வரம்பை மீறித் தான்தோன்றியாய்ப் பெருகும் கூட்டமே புற்று. பெருகும் நிலையிலுள்ள அணுவறை கதிரின் தாக்குதலுக்கு எளிதில் அழியும். நல்ல அணுவறை பெரும்பாலும் பிழைத்து மீளும். ஆதலின் அளவறிந்து பல நாள்களில் சிறிது சிறிதாகக் கதிர் செலுத்தினால், கத்தி எட்டாத இடத்துப் புற்றையும் கரைக்கலாம். கோபால்ட்டின் ஆற்றல் ஏறத்தாழ ஐந்தேகால் ஆண்டில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் அப்பொருளை அவ்வப்போது மாற்றுதல் வேண்டும். விலையுயர்ந்த இவ்வேற்பாட்டை, கூரைக் குடிலில் தொடங்கிய மனை ஒன்று பெற்றுவிட்டது என்பதைக் கண்டு ஐயுற்றோரும் வாயடைத்தனர்.

இங்கு வந்த பெண்களுள் மிகப் பலர் கருப்பை வாய்ப்புற்றால் வருந்தியவர். ஆடவர் பலர் வாய்ப்புற்றால் வருந்தியவர். பின்னதற்குப் புகையிலையே முதற்காரணம். வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக் கன்னத்தின் ஒரு பக்கத்தில் வைத்திருக்கும் பழக்கம் உழைப்பாளரிடையே மிகுதி. பசியையும் களைப்பையும் அது மறக்கச் செய்யும் என்பர். அவ்விடத்திலேயே வெண்படலம் தோன்றும். பின்னர் ஆறாத புண்ணாகும். வலி இல்லாமையால் அதனைப் பொருட்படுத்தமாட்டார். பல் மருத்துவரோ, உள்ளூர்ச் செவிலியோ வாயைத் திறக்கச் செய்து பார்த்தாலே அறியக்கூடியது அது. கருப்பை வாய்ப்புற்றும் அத்தகையதே. முறைதவறிய குருதிப்போக்கை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பதால் ஆண்டுகள் வீணாகின்றன. எளிய ஆய்வொன்றால் அதனை முளையிலேயே காணலாம். இக்காலத்தில் அந்நோயைத் தடுக்கும் ஊசியும் வந்துவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு முன் அம்மருத்துவமனையினர் ஊர் ஊராகச் சென்று இவற்றைச் சொல்லத் தொடங்கியபோது கேட்டவர் சிலரே. கூலி கெடுமே என்று வாராதவர் உண்டு. பிள்ளைகளை யார் பார்ப்பது என்று வாராத தாய்மார் இன்றும் உளர்.

கட்டணம் செலுத்த இயலாதவரைத் திருப்பி அனுப்புதல் கூடாது என்பது அங்கு மேற்கொண்ட கொள்கை. வந்தோருள் பெரும்பாலோர் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ மருத்துவம் பெற்றனர். இதற்கு வேண்டிய பொருளைத் திரட்டும் கவலை அம்மையார்க்கு இறுதிவரை நீங்கவில்லை. இந்திய அரசு 1956 ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. விருதினால் அவருடைய அன்றாடத்தில் மாற்றம் ஏதும் நேர்ந்ததில்லை. ஒரு பக்கம் அவ்வை இல்லத்துப் பிள்ளைகள். மறுபக்கம் கால்வாய்க்கரை நோயாளர். இரண்டிற்கும் இடையே அவருடைய முதுமை கழிந்தது.

1968 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22 ஆம் நாள் அம்மையார் மறைந்தார். 82 ஆம் பிறந்தநாளுக்கு எட்டு நாள்களே எஞ்சியிருந்தன. மகன் கிருஷ்ணமூர்த்தி 2010 வரையிலும், டாக்டர் சாந்தா 2021 வரையிலும் அம்மருத்துவமனையோடு ஒன்றி வாழ்ந்து மறைந்தனர். 12 படுக்கைகள் நானூற்றுக்கும் மேலாகப் பெருகின. ஏழைத் தாய்மார்க்குத் தமிழ்நாட்டு அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அம்மையாரின் பெயரைத் தாங்கியுள்ளது. கருவுற்ற பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, உரிய காலத்தில் உடலை ஆய்ந்துகொண்டு, பிள்ளைப்பேற்றை மருத்துவமனையில் வைத்துக்கொண்டால் அப்பணம் தவணைகளாக அவர்களை அடைகின்றது. குப்பத்துப் பெண்கள் அதனை முத்துலட்சுமி பணம் என்றே சுருக்கமாகச் சொல்லிக்கொள்வர்.